உங்கள் வளவுக் கோழிகள்: தீனும் குணமும்

நெல் விதைத்தால் அறுவடைக்கு மூன்று, நான்கு மாதங்கள் காத்திருக்க வேண்டும். கறவை மாடு வாங்கப் பெரிய தொகை வேண்டும். நான்கு பேடும் ஒரு சேவலும் இருந்தால், சில வாரங்களில் பிள்ளைகளுக்கு முட்டை கிடைக்கும். மிஞ்சியதை விற்று உப்பு, சவர்க்காரம், கொப்பி வாங்கலாம். செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களிலிருந்தும் உறவினர் வீடுகளிலிருந்தும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வடக்குக் கிராமங்களுக்குத் திரும்பி வந்த குடும்பங்கள் கோழியுடன் தொடங்கியதற்குக் காரணம் இதுதான். வீட்டைத் தனியே சுமக்கும் தாய்மாருக்கு, வளவை விட்டு வெளியே போகாமல் பார்க்கக்கூடிய தொழிலும் இது.

உங்களில் பலர் இடம்பெயர முன்னர் கோழி வளர்த்தவர்கள். ஆனால் இன்றைய வளவு அன்றைய வளவு அல்ல. வேலி இல்லை, பற்றை வளர்ந்திருக்கிறது, நிலத்தில் இரும்புத் துண்டுகள் கிடக்கின்றன, சில இடங்களில் வெடிபொருள் இன்னும் அகற்றப்படவில்லை. முன்பு சிரித்துவிட்டு விட்ட கோழியின் குணங்கள் சில இப்போது கவனிக்க வேண்டியவையாகிவிட்டன. கோழி ஏன் அப்படி நடக்கிறது என்று தெரிந்தால் தீன் செலவு குறையும், கோழி சாவது குறையும், உங்கள் பிள்ளை போகக்கூடாத இடத்துக்குப் போவதும் குறையும்.

உங்களுக்குக் கிடைத்தது எந்தக் கோழி?

கோழியைப் பெறும்போதே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஊர்க்கோழி தானாக மேய்ந்து பாதி வயிறாவது நிரப்பும். பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடைக்குக் கிடந்து தன் குஞ்சைத் தானே வளர்க்கும். முட்டைக்கென்று உருவாக்கிய கலப்பினக் கோழி அப்படியல்ல. அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 110 கிராம் நல்ல கோழித்தீன் தின்றால்தான் தொடர்ந்து முட்டையிடும். அடைக்குக் கிடப்பது குறைவு. அதை அவிழ்த்துவிட்டு மேயச் சொன்னால் சில நாட்களில் முட்டை நின்றுபோகும். கோழியில் குறை இல்லை. அதற்கு வேண்டியது கிடைக்கவில்லை. தீன் வாங்க வசதி இல்லாத குடும்பத்துக்கு ஊர்க்கோழியே நல்லது.

கோழி எப்படித் தின்கிறது?

கோழிக்குப் பல் இல்லை. கொத்திய இரை முதலில் கழுத்தின் அடியில் உள்ள இரைப்பைக்குப் போய் ஊறும். பிறகு கல்லீரலுக்கு அருகே உள்ள தசைப் பையில், கோழி விழுங்கி வைத்திருக்கும் சிறு கற்களோடு சேர்ந்து அரைபடும். கறிக்கு வெட்டும்போது நீங்கள் கழுவி மஞ்சள் தோலை உரிக்கும் அந்தப் பைதான் கோழியின் அம்மி. ஆகவே கோழி மண்ணையும் கல்லையும் கொத்தினால் அது பசியால் அல்ல. எப்போதும் கூட்டில் அடைத்து வளர்ப்பவர்கள் ஒரு சிரட்டையில் பருமணலோ சிறு கல்லோ வைக்க வேண்டும்.

காலையில் அவிழ்த்துவிட்டதும் கோழி மும்முரமாக மேயும். நடுவெயிலில் நிழலில் படுத்திருக்கும். மாலையில் மறுபடியும் அவசரமாக மேயும். நம் காட்டோரங்களில் கூவும் காட்டுக்கோழியின் பழக்கமும் இதுவே. இரவு நீளம், வெறும் இரைப்பையோடு கோழி மரத்தில் ஏறாது. இந்தக் குணத்தை நீங்கள் பயன்படுத்தலாம். தீனைக் காலையில் கொட்டாதீர்கள். காலையில் வயிறு நிரம்பினால் அது மேயப் போகாது. காலையில் ஒரு பிடி மட்டும் போட்டு, மிகுதியை மாலை 5 மணியளவில் கூட்டுக்குள் போடுங்கள். தினமும் ஒரே நேரத்தில், ஒரே விதமாக "பா... பா..." என்று கூப்பிட்டோ ரின்னைத் தட்டியோ போட்டால் ஒரு வாரத்தில் கோழிகள் சத்தத்துக்கு ஓடிவரும். மாலையில் பற்றை பற்றையாகத் தேடித் திரிய வேண்டிய தேவை இருக்காது.

சேவல் இரையைக் கொத்திக் கொத்திக் கீழே போட்டு "கொக், கொக்" என்று கூப்பிட்டுத் தான் தின்னாமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது பேடுகளை அழைக்கிறது. பேடுகளுக்கு இரை காட்டுவதும், பருந்தைக் கண்டால் எச்சரிப்பதும் நல்ல சேவலின் வேலை. அப்படிப்பட்ட சேவலைக் கறிக்கு எடுக்காமல் வைத்திருங்கள்.

என்ன, எவ்வளவு போடலாம்?

மேயும் ஊர்க்கோழி ஐந்துக்கு நாளொன்றுக்கு ஒரு சுண்டு அளவு தீன் போதுமான தொடக்கம். மழைக்காலத்தில் மேய்ச்சல் குறையும்போது கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். வீட்டு அரிசியும் பருப்பும் உங்கள் பிள்ளைகளுக்கானவை. கோழிக்கு அவற்றைக் கழுவும்போது ஒதுக்கும் குறுணலும் பழைய சோறும் போதும்.

வயிறு நிரப்ப: குறுணல், தவிடு, சோறு, நொறுக்கிய சோளம். தவிட்டைத் தண்ணீர் தெளித்துப் பிசறிக் கொடுங்கள்.

உடம்பு வளரவும் முட்டைக்கும்: கறையான், புழு, தேங்காய்ப் புண்ணாக்கு, உப்பில்லாத மீன் கழிவு அவித்தது.

பச்சை: முருங்கை இலை, கீரை, பொன்னாங்காணி, புல். முருங்கை இலையைக் கொத்தாகக் கட்டி, கோழி எட்டிக் கொத்தும் உயரத்தில் தொங்கவிடுங்கள். கோழிகளுக்கு அது வேலையும் கொடுக்கும். ஒன்றையொன்று கொத்துவது குறையும்.

ஓட்டுக்கு: முட்டை ஓடு பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து. கொக்கிளாய், நாயாறு பக்கம் இருப்பவர்கள் சிப்பி, மட்டி ஓட்டையும், குளக்கரையில் இருப்பவர்கள் நத்தை ஓட்டையும் கழுவிக் காயவைத்து, உடைத்த மிளகு அளவுக்கு நொறுக்கித் தனிச் சிரட்டையில் வையுங்கள். வேண்டிய கோழி வேண்டிய அளவு தானே எடுக்கும்.

கறையான் செலவில்லாத நல்ல தீன். பழைய மண்பானை ஒன்றில் காய்ந்த சாணம், வைக்கோல், மட்டைத் துண்டுகளை அடைத்துத் தண்ணீர் தெளித்து, உங்கள் துப்புரவான வளவில் கறையான் ஓடும் இடத்தில் கவிழ்த்து வையுங்கள். ஒன்றிரண்டு நாட்களில் பானைக்குள் கறையான் நிறைந்திருக்கும். புற்றைத் தேடி வெட்டப் போகாதீர்கள். பாம்பும் இருக்கலாம், வேறு ஆபத்தும் இருக்கலாம்.

போடக்கூடாதவை

பூஞ்சணம் பிடித்த கச்சான், சோளம், புண்ணாக்கு: "கோழிக்குத்தானே" என்று போடுவது பல வீடுகளில் நடக்கிறது. அந்தப் பூஞ்சணத்தின் நஞ்சு கோழியின் ஈரலைக் கெடுக்கும்.

மரவள்ளியின் பச்சைத் தோலும் இலையும்: இவற்றில் நஞ்சு உண்டு.

கருவாட்டுக் கழிவு: உப்பு அதிகமானால் கோழி சாகும். போடுவதானால் நன்றாக ஊறவைத்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சிறிதளவு போடுங்கள்.

மருந்து பூசிய விதை: விதைப்புக்குத் தந்த விதையில் மிஞ்சியதைக் கோழிக்குப் போடக்கூடாது. மருந்தடித்த வயலுக்குள்ளும் சில நாட்கள் விடாதீர்கள்.

கோழிக்கு மினுங்கும் பொருள் என்றால் விருப்பம். கொட்டில் போடும்போது விழும் தகர ஆணி, கம்பித் துண்டு, கண்ணாடிச் சில் எல்லாவற்றையும் கொத்தி விழுங்கும். மீன் பெட்டிகளில் வரும் வெள்ளை ரெஜிபோமையும் ஆசையாகத் தின்னும். கல்லை அரைக்கும் அதே பைக்குள் போன ஆணி பையைத் துளைத்துவிடும். காரணம் தெரியாமல் மெலிந்து சாகும் கோழிகள் சிலவற்றின் கதை இதுதான். தகரம் அடித்து முடிந்த அன்றே கொட்டிலைச் சுற்றிக் கூட்டுங்கள்.

தண்ணீர்

ஒரு கோழி நாளொன்றுக்கு கால் லீற்றர் அளவில் தண்ணீர் குடிக்கும். கச்சான் காற்று வீசும் வெயில் மாதங்களில் இன்னும் கூடும். முட்டையில் பெரும்பங்கு தண்ணீரே. ஒரு நாள் தாகத்தில் விட்டால் பல நாட்களுக்கு முட்டை குறையலாம். கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்கிச் செட்டையை விரித்து நின்றால் அதற்கு வெப்பம் தாங்கவில்லை. நிழலில் மண்சட்டியில் தண்ணீர் வைத்துக் காலையும் பகலும் மாற்றுங்கள். குஞ்சுகளுக்குத் தட்டையான பாத்திரம் வைத்து நடுவில் ஒரு கல்லைப் போடுங்கள். ஆழமான சட்டியில் குஞ்சு விழுந்து சாகும்.

களவாக முட்டையிடும் கோழி

இந்தப் பகுதியைப் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

பேட்டுக்கு முட்டையிட இருட்டான, ஒதுக்கான, மெத்தென்ற இடம் வேண்டும். வளவில் அது கிடைக்காவிட்டால் பற்றைக்குள் போய் இடும். முட்டை காணாமற் போகும்போது பிள்ளைகள் கோழியின் பின்னால் போவார்கள். மீள்குடியேறிய ஊர்களில் இது ஆபத்தான பழக்கம்.

கோழி போய்வந்த பாதை மனிதருக்குப் பாதுகாப்பான பாதை அல்ல. கோழியின் எடை ஒன்றரை, இரண்டு கிலோ. அதன் கால் பட்டு வெடிக்காத மிதிவெடி பிள்ளையின் கால் பட்டால் வெடிக்கும். மண்டையோட்டுக் குறியிட்ட சிவப்புப் பலகை இருக்கும் இடம், நாடா கட்டிய இடம், துப்புரவு செய்யப்பட்டதாக அறிவிக்கப்படாத பற்றை ஆகியவற்றுக்குள் கோழி போனாலும், முட்டை இருந்தாலும், குஞ்சு கத்தினாலும் போகக்கூடாது. போனது போகட்டும். கோழி கிளறிய இடத்தில் அறிமுகமில்லாத இரும்பு, பிளாஸ்ரிக் பொருள் எதுவும் தெரிந்தால் தொடாமல், எறியாமல், வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பி வந்து கிராம அலுவலருக்கோ கண்ணிவெடி அகற்றும் குழுவினருக்கோ அறிவியுங்கள்.

கோழியின் பின்னால் போகாமல் இருக்க வழி, அது வளவுக்குள்ளேயே இடும்படி செய்வதுதான்.

பழைய கடகம், பெட்டி, பாதி ரயர் ஏதாவது ஒன்றில் வைக்கோலோ காய்ந்த புல்லோ பரப்பி, கொட்டிலின் இருண்ட மூலையில் வையுங்கள். நான்கைந்து பேட்டுக்கு ஒரு பெட்டி போதும்.

பெட்டியில் ஒரு முட்டையையோ முட்டை போன்ற வெள்ளைக் கல்லையோ விட்டு வையுங்கள். ஏற்கனவே முட்டை இருக்கும் இடத்தைப் பேடு நம்பும். எல்லா முட்டையையும் எடுத்துவிட்டால் அது வேறு இடம் தேடும்.

பெரும்பாலான முட்டைகள் முற்பகலில் இடப்படும். எனவே காலையில் விரல் வைத்துப் பார்த்து, முட்டை உள்ள கோழியை இடும்வரை வெளியே விடாதீர்கள். அம்மம்மாமார் கடகத்தால் மூடி வைத்தது இதற்காகத்தான். ஒரு வாரம் இப்படிச் செய்தால் பெட்டியில் இடப் பழகிவிடும்.

கொக்கரிக்கும் சத்தத்தை நம்பாதீர்கள். பேடு பெரும்பாலும் கூட்டை விட்டுத் தள்ளி வந்த பிறகுதான் கொக்கரிக்கும்.

விசித்திரமாகத் தெரியும் சில குணங்கள்

புழுதியில் புரளுதல்: கோழி செத்துப்போனது போலச் செட்டையை விரித்துப் புழுதியில் கிடந்து புரளும். அதுதான் அதன் குளிப்பு. புழுதி இறகுக்குள் போய்க் கோழிப்பேனைக் குறைக்கிறது. மார்கழி மழையில் உலர்ந்த புழுதி கிடைக்காது. அப்போது கூரைக்குக் கீழே ஒரு பழைய ரயருக்குள் மணலும் ஆறிய அடுப்புச் சாம்பலும் கலந்து வையுங்கள்.

கொத்திக் கலைத்தல்: ஒவ்வொரு கூட்டத்திலும் யார் முதலில் தின்பது, யார் பின்னால் நிற்பது என்று ஓர் ஒழுங்கு உண்டு. நோர்வே நாட்டின் தோர்லைஃப் ஷெல்டெரூப்-எப்பே சிறுவயதில் வீட்டுக் கோழிகளைக் கவனித்துக் குறிப்பெழுதத் தொடங்கி, 1920களின் தொடக்கத்தில் இதைப் பற்றி ஆய்வு எழுதினார். புதுக்கோழி வந்தால் அந்த ஒழுங்கு குழம்பிச் சண்டை வரும். சில நாட்களில் தணியும். தீனை ஒரே சட்டியில் போடாமல் இரண்டு மூன்று இடத்தில் போட்டால் கடைசியில் நிற்கும் கோழிக்கும் கிடைக்கும். இரத்தம் வந்த கோழியை உடனே பிரித்து வையுங்கள்; சிவப்பைக் கண்டால் மற்றவை விடாமல் கொத்தும்.

முட்டையைத் தானே குடித்தல்: பெரும்பாலும் ஓடு மெல்லிதாகி உடைந்த முட்டையில் தொடங்கும். சிப்பித் தூள் வையுங்கள், முட்டையை நேரத்துக்கு எடுங்கள், பெட்டியை இருட்டாக்குங்கள். சமையலில் மிஞ்சும் முட்டை ஓட்டைக் கொடுப்பதானால் காயவைத்துத் தூளாக்கிக் கொடுங்கள். முழுதாகப் போட்டால் முட்டையைக் கொத்தப் பழகும்.

இறகு உதிர்தல்: ஆண்டுக்கொருமுறை கோழி பழைய இறகைக் கொட்டிப் புது இறகு முளைக்கும். அந்த வாரங்களில் முட்டை இடாது. நோய் என்று நினைத்து விற்றுவிடாதீர்கள். இறகும் புரதம்தான், கறையானும் மீன் கழிவும் கூடுதலாகக் கொடுங்கள்.

அடைக்குக் கிடத்தல்: கூட்டை விட்டு இறங்காமல், கை வைத்தால் இறகைச் சிலிர்த்துக் கொத்த வந்தால் பேடு அடைக்கு வந்துவிட்டது. குஞ்சு வேண்டுமானால் ஒரு கிழமைக்குள் இட்ட, வெடிப்பில்லாத பத்துப் பன்னிரண்டு முட்டைகளை வையுங்கள். ஏழாம் நாள் இரவு ரோச் லைற்றில் பிடித்துப் பாருங்கள். சிலந்தி போல இரத்த நரம்பு தெரிந்தால் கரு இருக்கிறது. தெளிவாகத் தெரிந்தால் கரு இல்லை, எடுத்துவிடலாம். 21 நாளில் குஞ்சு வரும். அடைக்கோழி நாளுக்கு ஒரு தடவைதான் இறங்கித் தின்னும். பக்கத்திலேயே தீனும் தண்ணீரும் வையுங்கள். குஞ்சு வேண்டாமானால் பேட்டைக் காற்றோட்டமான, வைக்கோல் இல்லாத கூட்டில் தீன், தண்ணீருடன் மூன்று நான்கு நாட்கள் வைத்தால் அடை கலையும். மூக்கில் இறகு குத்துவது வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பொரித்த குஞ்சுகள் குளிரில் சாகும். காலபோக அறுவடை நேரத்தில் குஞ்சு வரும்படி கணக்குப் பார்த்து வைத்தால், மழையும் விட்டிருக்கும், சிந்திய நெல்லும் கிடைக்கும்.

இரவில்

கோழிக்கு இருட்டில் கண் தெரியாது. உயரமான இடத்தில்தான் அதற்குத் தைரியம். அதனால்தான் முருங்கையிலும் வேம்பிலும் ஏறுகிறது. மரநாய்க்கு மரம் தடையல்ல. நிலத்திலிருந்து மூன்று அடி உயரத்தில், உள்ளே தடி கட்டி, கீரி நுழையாதபடி இடைவெளி அடைத்த கூடு போடுங்கள். மாலைத் தீன் கூட்டுக்குள் இருந்தால் கோழி தானாக உள்ளே போகும்.

இது குணமல்ல, நோய்

சிறகைத் தொங்கவிட்டுத் தூங்கி விழுதல், பச்சையாக நீர்போலக் கழிதல், மூச்சுக்கு இழுத்தல், கழுத்து முறுகுதல் ஆகியவை இராணிகெட் எனப்படும் நியூகாசில் நோயின் அறிகுறிகள். ஒரு கோழியில் கண்டால் சில நாட்களில் கூட்டம் முழுவதையும், அயல் வளவுகளையும் அழிக்கக்கூடும். வந்த பிறகு மருந்து இல்லை; வருமுன் தடுப்பு மருந்து உண்டு. உங்கள் பிரதேச அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் எப்போது போடுகிறார்கள் என்று கேளுங்கள். அந்த மருந்து குளிரில் இருக்க வேண்டியது என்பதால் பத்துப் பதினைந்து வீட்டார் சேர்ந்து ஒரே நாளில் போடுவது எல்லோருக்கும் இலகு.

நோய்க்கோழியை விற்காதீர்கள், அறுத்துக் கழிவைக் குளத்திலோ வீதியிலோ எறியாதீர்கள். செத்ததைத் துப்புரவு செய்யப்பட்ட உங்கள் வளவுக்குள்ளேயே ஆழமாகப் புதையுங்கள் அல்லது எரியுங்கள். புதிதாக வாங்கிய கோழியை இரண்டு கிழமை தனியே வைத்துப் பார்த்து மற்றவற்றோடு சேருங்கள்.

கொண்டையிலும் முகத்திலும் பரு வந்தால் அது கோழி அம்மை. நுளம்பால் பரவும், பெரும்பாலானவை சில வாரங்களில் தேறும். மனிதருக்கு வரும் கொப்புளிப்பான் இதுவல்ல, பிள்ளைகளுக்குத் தொற்றாது.

தினமும் மாலையில் தீன் போடும்போது ஐந்து நிமிடம் நின்று கவனியுங்கள். எண்ணிப் பாருங்கள், ஓடிவராத கோழி எது, தின்னாமல் நிற்பது எது என்று பாருங்கள். இந்த வேலையைப் பிள்ளைகளிடமும் கொடுக்கலாம். ஒன்று குறைந்தால், அன்றிரவு பற்றைக்குள் தேடப் போகாதீர்கள். விடிந்ததும் வளவுக்குள்ளிருந்து ரின்னைத் தட்டிக் கூப்பிடுங்கள். உயிரோடு இருந்தால் பழகிய கோழி வரும்.